ஓட்டை விழுந்த கூடு

ஞாயிற்றுக்கிழமையானால் என் மகள் ஜூரி எனக்கு முன்பே எழுந்துவிடுகிறாள். அருள்தாஸின் வேன் வருமாம்.

அவருக்குச் சந்தவாசல் பக்கம் நிலம் இருக்கிறது. அப்பா ஓர் ஊர், அம்மா வேறு ஊர் என்று பிறந்த பிள்ளைகளை ஞாயிறுதோறும் அந்த மலையடிவார நிலத்துக்கு அழைத்துப்போகிறார். ஜூரியின் அம்மா ரூபாலி அஸ்ஸாம்காரி. பெங்களூரில் என்னோடு வேலை செய்தவள். போன வருடம் இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஜூரி வீட்டில் அதிகம் பேசுவதில்லை. பள்ளியில் அவளை 'நேபாளி' என்று கூப்பிடுகிறார்களாம். அதையும் அருள்தாஸ்தான் எனக்குச் சொன்னார்.

ஒரு ஞாயிறு மாலை அங்கிருந்து ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே வெள்ளைப் பட்டுக்கூடுகள்.

"ஆமணக்கு எலை போட்டு நாங்களே வளர்த்தோம்பா. அம்மா ஊர்ப் புழு. அருள் அங்கிள் எங்கேர்ந்தோ வாங்கினு வந்தாரு."

அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பட்டு நூல் வியாபாரம். என் மகளுக்குப் பட்டுப்புழு வாங்கித் தர அவரா வேண்டும்?

அடுப்பில் தண்ணீர் வைத்தேன். பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிட்டால் இழை அறுந்துபோகும். எங்கள் தொழிலில் அந்தக் கூடு கழிவு. அதற்கு முன் வேகவைத்து நூல் எடுத்து, தெரிந்த தறியில் கொடுத்து ஒரு ரிப்பனாவது நெய்து தரலாம். அருள்தாஸால் அது முடியாது.

பெட்டியைக் கேட்டேன். அவள் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இன்னாப்பா பண்ற? இத வேக வெக்கக் கூடாது. பூச்சி பறந்து போனப்புறந்தான் நூல் எடுப்பாங்க."

"உங்க அங்கிள் சொன்னாரா?"

"அம்மா சொல்லுச்சு. நான்தான் அவருக்கே சொல்லிக் குடுத்தேன். அவரும் உன்ன மாதிரியே தண்ணி வெக்கப் போனாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அம்மாவப் பத்தி எதுவும் கேக்கறதே இல்லியே. அவரு கேட்டுகினே இருப்பாரு. ஒரே பேஜாரு."

அடுப்பை அணைத்தேன். பெட்டி என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றேன். யோசித்துத்தான் கொடுத்தாள்.

அதன்பிறகு விடிந்ததும் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை அருள்தாஸின் வேன் வருவதற்குள் பூச்சி வந்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை.

வெள்ளியன்று வந்தது. ஈரச் சிறகோடு கூட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. ஜூரியை எழுப்பினேன்.

"அம்மா சொன்ன மாதிரியே இருக்குது."

"என்ன சொன்னா?"

என் தோளில் சாய்ந்துகொண்டு, பள்ளிக்கு நேரமாகும்வரை சொன்னாள். எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பையை மாட்டும்போது, "அங்கிளுக்கு போட்டோ அனுப்புப்பா" என்றாள்.

அனுப்பினேன். கீழே, 'முதலில் பார்த்தது நான்' என்று எழுதினேன்.