மூன்று சுழி

பதினோரு வருடமாக எங்களைச் சட்டை செய்யாதவர்கள், ஒரு திங்கட்கிழமை காலையில் சட்டையைப் பற்றி எங்களிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். எனக்கு அப்போதே மூக்கில் வியர்த்துவிட்டது.

எங்கள் கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர்கள் காலர் வைத்த சட்டைதான் போட வேண்டும். அதையும் பேண்ட்டுக்குள் செருகியிருக்க வேண்டும். ஜீன்ஸ் கூடாது, கணுக்கால் தெரிகிற சாக்ஸ் கூடாது என்று ஒன்றரைப் பக்கத்துக்குச் சட்டம் எழுதி, கண்ணாடி போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார்கள். காலர் இல்லாத டி-ஷர்ட்டில் வந்து அடித்தால் பந்து போகமாட்டேன் என்று சொல்லிவிடுமா என்று வாலிப உறுப்பினர்கள் சிலர் கேட்டு மனுக் கொடுத்தார்கள். மூத்தவர்கள் கொதித்துப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் வாக்கெடுப்பு என்று முடிவானது. அதற்குள் எங்கள் செகரட்டரிக்கு யாரோ ஜனநாயகம் என்ற வார்த்தையைச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது, ஊழியர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கிளம்பிவிட்டார்.

ஊழியர்கள் ஒன்பது பேர். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. பெயர் எழுத வேண்டாம், மனதில் பட்டதை எழுதி இந்த ஷூ டப்பாவில் போட்டால் போதும் என்றார்.

பெயர் வேண்டாம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. நான் உடைமாற்றும் அறையைப் பார்த்துக்கொள்கிறவன். ஷூ துடைப்பேன், துண்டு எடுத்துக் கொடுப்பேன், காலர் இல்லாமல் வருகிறவரைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்புவேன். பெரிய மனிதர்கள் சட்டையைக் கழற்றியபின் என்னவெல்லாம் பேசுவார்கள் என்று கேட்டுக் கேட்டே சந்தேகம் எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. 'பெரியவர்கள் பார்த்து எது செய்தாலும் சரி' என்று எழுதி, நாலாக மடித்துப் போட்டேன். இந்தச் சீட்டை வைத்து என்னை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மறுநாள் காலை எங்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்கவைத்து, செகரட்டரி ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினார். படித்தார்:

"உங்கள் காலரைப் பிறகு பார்க்கலாம். முதலில் எங்கள் கழுத்துப் பட்டனைத் திறந்து விடுங்கள்."

எங்களுக்கும் சட்டம் உண்டு. வெள்ளைச் சட்டை, பலகை போல் கஞ்சி போட்ட காலர், கழுத்துப் பட்டன் எந்நேரமும் போட்டே இருக்க வேண்டும், அதற்கு மேல் டை. புல் வெட்டுகிறவருக்கு மட்டும் டை கிடையாது, ஆனால் பட்டன் உண்டு. கொளுத்துகிற வெயிலில் அவர் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் நமக்கு மூச்சு முட்டும். வேர்வையில் நனைந்த கஞ்சிக் காலர் கழுத்தை அறுத்துக்கொண்டே இருக்கும். எனக்குக் காதுக்குக் கீழே தொடங்கி ஒரு சிவப்புக் கோடு உண்டு. என் மனைவி அதற்குக் களிம்பு போடும்போதெல்லாம், "நாய்க்குக் கூட பெல்ட்டைக் கொஞ்சம் லூசாத்தான் போடுவாங்க" என்பாள்.

"இது கேப்டன் கண்ணுல பட்டுடுச்சு" என்றார் செகரட்டரி. கேப்டன் என்றால் கிளப்பின் தலைவர். "யார் எழுதினதுன்னு கேக்கறார். எழுதினவங்க ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் இங்க இருக்க மாட்டாங்க. பட்டன்னு ஒழுங்கா எழுதக்கூடத் தெரியல, ரெண்டு சுழிக்குப் பதிலா மூணு சுழி. அது போதும் எனக்கு, ஆளைப் பிடிச்சிடுவேன்."

ஆளைப் பிடிக்கப் போகிறவர், எதை வைத்துப் பிடிக்கப் போகிறார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். அவர் வயிற்றில் எதுவும் தங்காது.

அன்றிலிருந்து கிளப்பில் யாரும் யாருடனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் சந்தேகம் நேராக பார்காரர் மேல் போனது. அவர் வாய் சும்மா இருக்காது, டையைக் கையில் பிடித்துக்கொண்டு தூக்குக் கயிறு என்று நடித்துக் காட்டுகிறவர். பக்கத்தில் போய் வாயைக் கிண்டிப் பார்த்தேன்.

"எழுதினது யாரா இருக்கும்னு நினைக்கறீங்க?"

"நீங்களா இருக்கும்னு நினைச்சேன்" என்றார், கண்ணாடி டம்ளரைத் துடைத்தபடி. "அதான் பேசாம இருக்கேன்."

வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் என்னைக் கண்டதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். எதிர்முனையில் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். புல் வெட்டுகிறவர் வழக்கமாக என் அறை வாசலில் நின்று தண்ணீர் குடிப்பார், அந்த வாரம் குழாயடிக்குப் போய்க் குடித்தார். என்னையா சந்தேகப்படுகிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது. நான் அவர்களைச் சந்தேகப்படுவது நியாயம், என்னை அவர்கள் சந்தேகப்படுவதுதான் அநியாயம் என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

புதன்கிழமை துவைத்த சட்டைகள் வந்தன. துணி அறையில் ஒரு அக்கா இருக்கிறார். மேசை விரிப்பு, துண்டு, எங்கள் சட்டை எல்லாம் அவர் கைபட்டுத்தான் வெளுக்கும். சட்டை போட வேண்டியதில்லாத ஒரே ஊழியர் அவர்தான். கழுத்தில் வட்டமாகத் திறந்த, தொளதொள கோட்டு ஒன்றைத்தான் போட்டிருப்பார். ஒவ்வொரு சட்டையிலும் ஒரு சீட்டைக் குத்தி, என்ன பழுது பார்த்தார் என்று எழுதி எங்கள் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார். பல வருடமாக அந்தச் சீட்டைப் படிக்காமலே கசக்கிப் போட்டவன், அன்று படித்தேன்.

'கழுத்துப் பட்டண் தளர்ச்சி. தைத்தேன்.'

மூன்று சுழி.

அக்காவை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. யாருமே நினைத்திருக்க மாட்டார்கள், அவருக்குத்தான் கழுத்துப் பட்டனே கிடையாதே. ஆனால் அவருக்கு வேலை போனால் வேலையோடு நிற்காது. கிளப்புக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறை வீடும் போகும். மகள் நர்ஸ் படிப்பில் கடைசி வருடம், அந்த வீட்டிலிருந்துதான் போய்வருகிறாள்.

என் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, மற்ற சட்டைகளில் உள்ளதையும் எடுத்துவிடலாம் என்று திரும்பினேன். ஒன்றிலும் சீட்டு இல்லை. ஏழு சட்டையிலும் ஊசி மட்டும் குத்தியபடி இருந்தது.

யாரோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஏழையும் சேர்த்து எடுத்து செகரட்டரி கையில் கொடுத்து நல்ல பெயர் வாங்கப் போகிறார்கள். எனக்கு பார்காரர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் அன்று என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தது வேறு நெருப்பை மூட்டியது.

துணி அறைக்குப் போனேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு காலரைக் கையில் வைத்துப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பட்டனுக்கு ரெண்டு சுழி."

"எதுக்கு ரெண்டு சுழி?"

"பட்டன்னு எழுதறதுக்கு. மூணு சுழி போடாதீங்க. வெள்ளிக்கிழமை செகரட்டரி எல்லாரையும் எழுதச் சொல்லப் போறாராம்."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் முகத்தைப் பார்த்தபோது என் சந்தேகம் உறுதியானது. இப்படி உறுதியாகாமல் இருந்திருக்கலாம் என்று நான் ஆசைப்பட்டது அதுதான் முதல்முறை.

"ரெண்டு போதுமா?" என்றார்.

"போதும் அக்கா."

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் பரீட்சை. ஒரு மேசைக்கு ஒருவர் என்று தள்ளித் தள்ளி உட்காரவைத்தார். பக்கத்தில் பார்த்து எழுதக்கூடாதாம். ஆளுக்கொரு காகிதம், மேலே பெயர் எழுத வேண்டும். இந்தத் தடவை பெயரை விடவில்லை பாருங்கள். அந்த இரண்டு வரிகளை நிறுத்தி நிதானமாகச் சொல்ல, நாங்கள் எழுதினோம்.

எழுதும்போது ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தேன். பேனாவை அழுத்திப் பிடித்திருந்தார். கைப்பழக்கம் பொல்லாதது, அவசரத்தில் மூன்று சுழி விழுந்துவிட்டால் என்ன செய்வது. துணைக்கு இன்னொரு மூன்று சுழி இருந்தால், இரண்டு பேரில் யார் என்று செகரட்டரி குழம்புவார். யோசித்தால் பயம் வந்துவிடும் என்று யோசிக்காமல் எழுதினேன். 'எங்கள் கழுத்துப் பட்டணைத் திறந்து விடுங்கள்.' எழுதி முடித்தபின்தான் யோசித்தேன். என் வேலை போனால் மனைவியிடம் என்னவென்று சொல்வது.

செகரட்டரி காகிதங்களை வாங்கி, சிவப்புப் பேனாவைத் திறந்தார். முதல் காகிதம் பார்காரருடையது. பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பிடிச்சுட்டேன். மூணு சுழி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. செகரட்டரி அடுத்ததை எடுத்தார், வரவேற்புப் பெண்ணுடையது. மலர்ந்த முகம் அப்படியே நின்றது. மூன்றாவது, புல் வெட்டுகிறவர். நாலாவது நான். சிவப்பு வட்டம் போடப் போட அவர் கை வேகம் குறைந்துகொண்டே போனது. பார்காரரைப் பார்த்தேன். அவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரவேற்புப் பெண் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஏழு சீட்டையும் யாரும் திருடவில்லை. அவரவர் சட்டையிலிருந்ததை அவரவர் எடுத்து ஒளித்திருக்கிறார்கள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"என்ன இது, ஒருத்தருக்குக்கூடவா பட்டன்னு எழுதத் தெரியாது?" என்று கேட்டுக்கொண்டே கடைசிக் காகிதத்தை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். "அக்கா ஒருத்தங்கதான் தப்பில்லாம எழுதியிருக்காங்க" என்றார், அழாத குறையாக. "ரெண்டு சுழி."

கதவைத் திறந்துகொண்டு கேப்டன் வந்தது அப்போதுதான். விளையாடி முடித்துவிட்டு வந்தவர், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. மேசை மேல் பரப்பியிருந்த காகிதங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ஒருத்தர்தான் எழுதினாங்கன்னு சொன்னீங்க."

"ஆமா சார். ஒருத்தர்தான்."

"இங்க ஒன்பது இருக்கே. பேர் வேற போட்டிருக்கு."

"அது வந்து... நான்தான் எழுதச் சொன்னேன் சார்."

"நீங்களா?"

கேப்டன் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்து அக்காவிடம் நின்றார்.

"உங்க கோட்டுல கழுத்துப் பட்டனே இல்லையேம்மா. நீங்க எதுக்கு எழுதினீங்க?"

செகரட்டரி எழுதச் சொன்னார், எழுதினேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்லுங்க அக்கா, அதை மட்டும் சொல்லுங்க என்று எனக்குத் தொண்டை வரை வந்துவிட்டது.

"துவைக்கறது நான்தானே சார்" என்றார் அக்கா. "காலர் உள்பக்கம் ரத்தமா இருக்கு. எட்டு சட்டையிலயும். வெந்நீர்ல போட்டா போகாது, பச்சத் தண்ணியில ஊறவச்சு கையாலதான் தேய்க்கணும். எத்தன வருஷமா தேய்ச்சுக்கிட்டிருக்கேன்."

செகரட்டரி சட்டென்று அக்கா பக்கம் திரும்பினார். கேப்டன் திரும்பவில்லை. கிட்டே இருந்தவன் நான் என்பதால் என்னிடம் வந்தார்.

"அந்தப் பட்டனைக் கழட்டுங்க."

எதற்குச் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம். வேலை நேரத்தில் பட்டனைக் கழற்றியதற்காக எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். செகரட்டரியைப் பார்த்தேன்.

"என்னைப் பாக்காதீங்க" என்றார் செகரட்டரி. "அவர் சொல்றாருல்ல."

டையை இறக்கி, பட்டனைக் கழற்றி, காலரை விரித்துப் பிடித்தேன். கேப்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டார் என்று நினைத்து நான் பட்டனைப் போடப் போனேன்.

"இருக்கட்டும்" என்றார்.