ஒரு கரண்டி எண்ணெய்

எண்ணெய் ஆகாதாம்! ஸ்ஃபாக்ஸ் நகரில், மூன்று தலைமுறையாக ஆலிவ் செக்கு ஓட்டும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு எண்ணெய் ஆகாது என்றால் யார் நம்புவார்? நான் நம்பவில்லை.

என் தம்பி ஷுக்ரியின் மகன் இயாத் ஏழு மாதத்தில் நான்கரைக் கிலோதான் இருந்தான். வயிறு மட்டும் உப்பியிருக்கும். குடித்ததில் பாதி வாந்தி, மீதி பேதி. இளைத்த பிள்ளைக்குக் காலையில் ஒரு கரண்டி எண்ணெய் கொடுப்பது எங்கள் வழக்கம். தம்பி மனைவி விதாத் வேண்டாம் என்பாள். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கொடுத்துவிடுவேன்.

"பல்லு முளைச்சா சரியாயிடும்" என்று ஷுக்ரி சும்மா இருந்தான். விதாத் இருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தலைநகர் தூனிஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை அலைந்தாள். கடைசித் தடவை துணைக்கு நானும் போனேன். டாக்டர் உல்ஃபா என்னிடம்தான் பேசினாள்.

"செக்குல எண்ணெயைத் தகரத்துல அடைச்சாச்சு, லாரி கிளம்பல. என்ன ஆகும்?"

"தரையெல்லாம் வழுக்கும். வேறென்ன?"

"இவன் குடல்லயும் அதேதான். சார்-ஒன்-பின்னு ஒரு மரபணு. அது செய்யிற புரதம்தான் அந்த லாரிக்குச் சாவி. ஜிடிபிங்கிற பொருள் அதுல ஒட்டினாத்தான் சாவி திரும்பும். அப்பா குடுத்தது, அம்மா குடுத்தது, இவனுக்கு ரெண்டு சாவியுமே பழுது. கொழுப்பு குடல் சுவர்லயே தேங்குது. வைட்டமின் ஈ உடம்புல சேரல. எண்ணெய் இவனுக்கு ஆகாது. இப்படியே விட்டா நரம்பு கெட்டு நடை போயிடும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை மறுபடி கரண்டியை எடுத்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

பத்தாம் நாள் விதாத் ஈரத் தலையோடு பாதியில் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். பிள்ளையின் வாயைத் துண்டால் துடைத்தாள்.

"எத்தனை நாளா அண்ணி?"

"மூணு மாசமா."

"இனிமே இவனுக்கு நீங்கதான் ஊட்டணும். மூணு வேளையும்."

"என்னடி சொல்ற? என்னை நம்புறியா?"

"நம்பல. உங்ககிட்டேருந்து ஒளிச்சா இன்னொருத்தர் குடுப்பாங்க. இந்த வீட்டுலயே பெரிய வாய் உங்களுது. நீங்க காவலுக்கு நின்னா எவன் கிட்ட வருவான்?"

யாரிடமும் அவள் சொல்லவில்லை, புருஷனிடம்கூட. என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கொழுப்பில்லாத பால், வேகவைத்த மீன், மாதுளை, வேளை தவறாமல் மருந்து என்று நானே ஊட்டினேன். வாந்தி நின்றது. பிந்தினாலும் நடந்தான்.

அவனுக்கு மூன்று வயதான நவம்பரில் புது எண்ணெய் இறங்கியது. செக்கில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. மாமா முன்ஜி ரொட்டியை எண்ணெயில் முக்கி இயாதிடம் நீட்டினார்.

"சாப்பிடுடா சிங்கம்! ஒரு வாய்ல என்ன ஆயிடும்?"

அவன் வாய் திறந்தான். நான் பாய்ந்து மாமாவின் கையைத் தட்டிவிட்டேன். ரொட்டி தரையில் விழுந்தது. எல்லோரும் திகைத்தார்கள். எங்கள் ஊரில் ரொட்டியைத் தரையில் போடமாட்டோம்.

"பைத்தியமா நஸீஹா உனக்கு?"

குனிந்து ரொட்டியை எடுத்து முத்தமிட்டேன்.

"ஒரு வாய்ல என்ன ஆகும்னு என்கிட்ட கேளுங்க மாமா. மூணு மாசம் தினம் ஒரு கரண்டி திருட்டுத்தனமா குடுத்தேன். இவனைச் சாகக் குடுக்கப் பார்த்தவ நான்தான்."

செக்கு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஷுக்ரி என்னையே பார்த்தான்.

"அண்ணி, மீன் ஆறுது" என்றாள் விதாத். "ஊட்டுங்க."