செல்வமே உள்ளே வா

கபீசியாஸ் நொச்சிக் கழிகளை முந்தின நாளே வெட்டி வந்து தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டிருந்தான். மற்ற வருடங்களில் அந்த வேலைக்கு வீட்டு அடிமை சீராதான் போவாள். தன்னை அடிக்கப்போகும் கழியைத் தானே தேர்ந்து மெல்லியதாக வெட்டி வந்து, "இது போதுமா ஐயா, இல்ல உங்க கைக்கு இதுவே பாரமா?" என்று கேட்டு வீட்டைச் சிரிக்கவைப்பாள்.

இந்த வருடக் கழிகள் கட்டைவிரல் தடிமன் இருந்தன.

"எதுக்கு இவ்ளோ தடியா?" என்றாள் எர்கினா.

"பசியும் இந்த வருஷம் தடியாத்தானே இருக்கு." அவன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "சாயங்காலம் அவளக் கூப்பிட வேணாம்."

வாற்கோதுமை கதிர் பிடிக்கும் நேரத்தில் ஆலங்கட்டி மழை அடித்துப் போனதிலிருந்து, இந்தப் பேச்சு என்றாவது வரும் என்று எர்கினாவுக்குத் தெரியும். குதிரின் அடியை வழித்த நாளில் அவளுக்கே இந்த நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டு, தள்ளிவிட்டதற்காகத் தன்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டாள்.

"வித்துடலாமே," என்றாள்.

"யாரு வாங்குவா? இருக்கிறவங்கள எப்படிக் கழிக்கிறதுன்னு ஊரே முழிச்சிக்கிட்டு இருக்கு. விடுதலை பண்ணிட்டோம்னு நெனச்சிக்க. நல்ல காரியம்தான்."

கிரேக்க ஊரான கைரோனியாவில், பசியைத் துரத்தும் நாளன்று, ஊர்த்தலைவர் பொது அடுப்பின் முன் செய்வதை ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் வீட்டில் செய்வான். அடிமைகளில் ஒருவரைப் பசியாகப் பாவித்து, "பசியே வெளியே போ, செல்வமே உள்ளே வா" என்று சொல்லி நொச்சிக் கழியால் அடித்துத் துரத்துவான். துரத்தப்பட்டவள் பொழுது சாயும்வரை பசிதான். அவளைக் கையால் தொடக்கூடாது. பெயர் சொல்லக்கூடாது. பொழுது சாயும்போது வீட்டுக்காரி பின்கதவைத் திறந்து பெயர் சொல்லி அழைப்பாள். அந்தப் பெயரைக் கேட்டதும் பசி ஒழிந்து, போன ஆள் திரும்பி வருவாள். சிரித்துக்கொண்டே வந்து அடுப்பருகில் உட்கார்ந்து, தழும்பைத் தடவியபடி அத்திப்பழம் தின்பாள்.

எர்கினாவுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. சீரா என்பது அவள் பெயரே இல்லை. சிரியாக்காரி என்பதால் சந்தையில் வைத்தது. அவளைப் பெற்றவள் வைத்த பெயர் என்ன என்று இத்தனை வருடத்தில் தான் கேட்டதே இல்லை. கேட்காமல் விட்டது இன்று எவ்வளவு வசதியாக இருக்கிறது என்றும் நினைத்தாள்.

காலையில் தெருவில் ஆட்கள் கூடினார்கள். எர்கினா குழந்தை நிக்கோனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றாள். அந்த வீட்டு வழக்கப்படி குழந்தைதான் செல்வக் கடவுள் புளூட்டோஸ். தானியத் தாய் தெமேத்தர் மூன்று முறை உழுத வயலில் கருவாகிப் பெற்ற பிள்ளை. நல்லவர்களைத் தேடித்தேடிப் போகிறான் என்று பொறாமைப்பட்டு, தேவர்களின் தலைவன் சியூஸ் கண்ணைப் பிடுங்கிவிட்ட கடவுள். அதனால் நிக்கோனின் கண்களை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். தலையில் காய்ந்த கதிர் மாலை. அதில் மணி இல்லை, வெறும் உமிதான். பசி வெளியேறியதும் குழந்தையைக் கீழே விட வேண்டும். அது தட்டுத்தடுமாறி உள்ளே நடந்தால் அந்த வருடம் வீட்டுக்குச் செல்வம் வரும்.

"ஏ பசி! போற வழியில எங்க வீட்டு வாசல்ல நின்னு மூச்சு வாங்கிடாதே, தாயே!" என்று பக்கத்து வீட்டு மெலித்தா கத்தினாள். சிலர் சிரித்தார்கள். போன வருடம் இதே கேலிக்கு எல்லோருமே சிரித்தார்கள்.

உள்ளே கழி விழும் சத்தம் கேட்டது. "பசியே வெளியே போ!" மறுபடி சத்தம். சீரா வழக்கம்போல "ஐயோ போறேன், ஐயோ போறேன்" என்று பாட்டாகப் பாடவில்லை. ஒரு அடிக்கு மட்டும் அடித்தொண்டையிலிருந்து முனகல் வந்தது. வாசலைத் தாண்டி அவள் தெருவுக்கு வந்தபோது தோளில் துணி கிழிந்திருந்தது. அவள் எர்கினாவைப் பார்த்தாள். கேள்வியாகக்கூட இல்லை. சும்மா பார்த்தாள்.

எர்கினா குனிந்து குழந்தையைக் கீழே விட்டாள்.

"செல்வமே உள்ளே வா!" என்று கபீசியாஸ் உள்ளிருந்து அழைத்தான்.

நிக்கோன் கதவுப் பக்கம் இரண்டடி வைத்தான். பிறகு நின்றான். சீராவின் மூச்சு அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். அல்லது வியர்வை வாசனையாக இருக்கலாம். எர்கினாவின் பால் வற்றிய பிறகு அவன் குடித்தது சீராவின் பாலை. அவள் பெற்ற பிள்ளை என்ன ஆயிற்று என்று அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. குழந்தை திரும்பினான். கைகளை நீட்டியபடி, கண் கட்டோடு, தெருவுக்கே நடந்து போய் சீராவின் காலைக் கட்டிக்கொண்டான்.

பக்கத்தில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

சீரா அவனைத் தூக்கினாள். அவள் யோசிக்கவில்லை. விழப்போகும் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி கை தானாகப் போயிற்று. தூக்கிய பிறகுதான் எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள்.

"கடவுளே, பசி அவனத் தூக்கிக்கிச்சே!" என்றாள் மெலித்தா. இந்தத் தடவை அவள் குரலில் கேலி இல்லை.

கபீசியாஸ் கழியோடு வாசலுக்கு வந்தான். "கீழ இறக்கு."

நிக்கோன் அவள் கழுத்தை இறுக்கிக்கொண்டான். அவளைத் தொட்டால் பசியைத் தொட்டது போல. கழியை ஓங்கினால் குழந்தை மேல் படும். கபீசியாஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசல்படியைத் தாண்டினால் வீட்டுக்குக் கெடுதல் என்று படிக்குள்ளேயே நின்று கத்தினான். "ஏய், நீயாவது சொல்லேன்டி!"

எர்கினா சீராவின் அருகில் போனாள். தொடாமல், ஒரு முழம் தள்ளி நின்றாள். இவ்வளவு கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. கன்னம் ஒட்டி, வயது கூடித் தெரிந்தது. தன் முகமும் அப்படித்தான் இருக்கும்.

"அம்மா," என்றாள் சீரா மெதுவாக. மற்றவர்களுக்குக் கேட்காத குரல். "கழியப் பாத்தப்பவே தெரிஞ்சிடுச்சும்மா. சாயங்காலம் கூப்பிட மாட்டீங்க, இல்ல?"

"பைத்தியம் மாதிரி பேசாதே."

"இவன் என் கையில இருக்கிறவரைக்கும் யாரும் என்னைத் தொட முடியாது. இப்படியே ஊர்க்கோடி வரைக்கும் நடந்துடுவேன். சும்மா சொல்லல."

"உனக்கு என்னடி வேணும்?"

"கூப்பிடுவேன்னு சொல்லுங்க. அடுப்பு மேல ஆணையா சொல்லுங்க."

எர்கினா சொன்னாள். வார்த்தைகள் சுலபமாக வந்தன. சொல்லும்போது பொய் சொல்கிறோம் என்று தோன்றவில்லை. உண்மை என்றும் தோன்றவில்லை. குழந்தை கைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது. சீரா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் கழுத்திலிருந்து பிரித்தாள். வாசலை நோக்கி அவனை நிறுத்தி, முதுகில் லேசாகத் தள்ளினாள்.

நிக்கோன் அழுதுகொண்டே உள்ளே போனான். தெரு மூச்சு விட்டது. யாரோ கைதட்டினார்கள்.

பகல் முழுவதும் எர்கினா பல தடவை பின்கதவுப் பக்கம் போனாள். ஏதாவது எடுக்கப் போகிற மாதிரி போவாள், வெறுங்கையோடு திரும்புவாள். வெயில் சுவரில் ஏறி மறையத் தொடங்கியபோது கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ உட்காருகிற சரசரப்புக் கேட்டது. பசி கதவைத் தட்டக்கூடாது. சீரா தட்டவில்லை.

எர்கினா கணவனிடம் வந்தாள். "ஆணை போட்டிருக்கேன்."

"யாருகிட்ட?"

"அவகிட்டதான்."

"அவ எங்க அங்க இருந்தா? அங்க நின்னது பசி." அவன் குரல் கடுமையாக இல்லை. களைப்பாக, கிட்டத்தட்ட அன்பாக இருந்தது. "பசிக்குக் குடுத்த வாக்க எந்தச் சாமி கேக்கப்போகுது? நீ குழந்தையக் காப்பாத்துன. அவ்ளோதான் நடந்துச்சு."

அவள் அந்த வார்த்தைகளை மறுக்க வேண்டும் என்று நினைத்தாள். முகம் இருந்தது, கிழிந்த துணி இருந்தது, அம்மா என்று கூப்பிட்டாள், அது எப்படிப் பசியாகும் என்று கேட்க வேண்டும். கேள்வி முழுசாக உருவாகி நாக்கு வரைக்கும் வந்தது. அதே நேரத்தில் அவன் சொன்னது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதையும் அவள் உணர்ந்தாள். கனமான எதையோ யாரோ கையிலிருந்து வாங்கிக்கொண்ட மாதிரி. அவள் கேட்கவில்லை. அடுப்பருகில் உட்கார்ந்து குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

கல்லின் மேல் வாற்கோதுமை அடைகள் வெந்திருந்தன. மாவில் பாதி அஸ்போடல் என்ற காட்டுக் கிழங்கு. வழக்கத்தைவிட ஒவ்வொன்றும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. காலையில் மாவைப் பங்கு பிரித்து உருட்டும்போது, ஒரு பங்கு குறைந்து அளவு தானாகக் கூடிவிட்டதை அவள் அப்போதே கவனித்திருந்தாள்.

நிக்கோன் பின்கதவுப் பக்கம் திரும்பினான். கண் கட்டை எப்போதோ அவிழ்த்தாயிற்று, ஆனாலும் காதைத்தான் முதலில் திருப்பினான்.

"சீயா," என்றான்.

கதவுக்கு அப்பால் சரசரப்பு. எழுந்து நிற்கிறாள்.

"குழந்த கூப்பிட்டா கணக்கில்ல," என்றான் கபீசியாஸ் அவசரமாக. பிறகு அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்று அந்தக் குழந்தை யாராக இருக்கிறது என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "அவன் வாய மூடு. எர்கினா, மறுபடி சொல்லப்போறான், மூடு!"

"சீ..."

எர்கினா அடையைப் பிய்த்து, ஊதி, குழந்தையின் வாயில் வைத்தாள். அவன் மென்றான். விழுங்குவதற்குள் அடுத்த துண்டைப் பிய்த்துத் தயாராக வைத்துக்கொண்டாள். வாய் காலியாக விடவில்லை. அவன் போதும் என்று முகத்தைத் திருப்பும்வரை ஊட்டினாள், திருப்பிய பிறகும் ஊட்டினாள். நாளெல்லாம் அழுத களைப்பில் அவன் வாயில் அடையோடு தூங்கிப்போனான்.

கதவுக்கு வெளியே அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். மூச்சு கேட்டது. கபீசியாஸ் எழுந்து போய்த் தாழ்ப்பாளை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தான்.

கையில் ஒரு துண்டு மீதி இருந்தது. அது தொண்டையில் இறங்காது என்று நினைத்துக்கொண்டுதான் எர்கினா வாயில் போட்டாள். சூடாக இருந்தது. இறங்கியது. அவள் அடுத்த அடைக்குக் கை நீட்டினாள்.