அளவு ரவிக்கை

1

1983 டிசம்பர் 12, திங்கட்கிழமை. ராசிபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள தையற்கடையில், சௌந்திரம் கொடுத்த ஃபிளானல் துணியைத் தையற்காரர் மணியன் திருப்பிக் கொடுத்தார்.

கதை அங்கேதான் பிறந்தது. கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொடுத்துவிட்டு அதே கடையின் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். மீதியைப் பக்கத்து இட்லிக் கடையில் சௌந்திரமே சொன்னாள். எழுதச் சொன்னவளும் அவள்தான்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "குளிர் அவள் எலும்புக்குள் இறங்கியது. உலகமே அவளைத் துரத்தியடித்தபோது..."

நிறுத்திவிட்டேன். அன்று அவள் முகத்தில் இருந்தது வேறு.

2

சௌந்திரம் லாரி கிளீனராக இருந்தவள். (இந்த இடத்தில் அவளுடைய பழைய பெயரை எழுதி அடித்திருக்கிறேன். கதைக்கு அது தேவைப்படவில்லை.) ஊரைவிட்டுப் போய், ஆபரேஷன் முடிந்து, பெண்ணாகத் திரும்பி ஓராண்டுகூட ஆகவில்லை. மார்கழி பிறக்கிற வெள்ளிக்கிழமை ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர வேண்டும். அங்கே பழம் பறிப்பது பெண்கள், குழி வெட்டுவது ஆண்கள். மேஸ்திரி தன்னைப் பார்த்ததும் எந்தப் பக்கம் கை காட்டுவார்? அவளுக்கிருந்த கவலை அது ஒன்றுதான்.

குளிருக்கு அவளிடம் நல்ல ஸ்வெட்டர் இருந்தது. லாரியோடு வடக்கே போனபோது வாங்கியது. ஆண்கள் போடுவது.

[வாசகர் கேட்கலாம்: தோட்டத்துப் பெண்கள் புருஷன் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டுதானே வேலை செய்கிறார்கள்? ஆமாம். அவர்களை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. சௌந்திரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.]

ஸ்வெட்டரை விற்றாள். அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்ததைச் சொல்லும்போது அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பள்ளிபாளையத்தில், சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்ததென்று கழித்துப் போட்ட போர்வை. குறுக்கே கிழித்து ஓரம் அடித்தால் இரண்டு சால்வை. தன் பழைய வேட்டியை இரண்டாக மடித்துத் தைத்தால் குளிர் ஏறாத உள்பாவாடை. கடைசியாக, சேலத்தில் துண்டுத் துணிக் குவியலின் அடியில் கிடைத்தது ஊதாப்பூப் போட்ட இந்த ஃபிளானல். தொட்டுப் பாருங்கள் என்று என்னிடம் நீட்டினாள். தொட்டேன். பூனைக்குட்டியின் வயிறு மாதிரி இருந்தது. முழுக்கை ரவிக்கைக்குப் போதும்.

3

"மணியன் அருவருப்போடு துணியை..." பொய். இதையும் அடித்துவிட்டேன்.

அவர் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். நல்ல துணி என்றார். பிறகு அளவு ரவிக்கை கேட்டார்.

அந்தக் கடையின் வழக்கம் அது. பொருத்தமாக இருக்கும் பழைய ரவிக்கை ஒன்றைப் பெண்கள் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். புதியதை அதைப் பார்த்து வெட்டுவார். சௌந்திரம் போட்டிருந்ததோ இரவல். கை இறுக்கிக்கொண்டு, அக்குளில் தையல் விட்டிருந்தது.

"அளவு ரவிக்கை எங்கிட்ட இல்லீங்ணா. டேப்பு வெச்சு அளந்துக்குங்க."

"பொம்பளையாளுங்களத் தொட்டு நான் அளக்கறதில்லீங்க அம்மிணி. ரவிக்கை ஒண்ணு கொண்டாங்க, வியாழக்கெழமைக்குள்ள தெச்சுத் தாரேன்."

துணியை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

சில வருடங்களுக்கு முன், அவள் கிளீனராக இருந்தபோது, காக்கிச் சட்டைக்காக இதே மணியன் இதே டேப்பை அவள் மார்பைச் சுற்றி இழுத்துப் பிடித்திருக்கிறார். மூச்சை அடக்காதே என்று முதுகில் ஒரு தட்டும் தட்டினாராம்.

சௌந்திரம் படியிறங்கினாள். நடக்கிறாளா ஓடுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. என் கால்சட்டையை மறந்துவிட்டுப் பின்னால் போனேன்.

4

இட்லிக் கடைக்காரி கந்தம்மாள் அகலமான பெண். வாய் அதைவிட அகலம்.

"அளக்க மாட்டேனுட்டாருக்கா."

"அதுக்கா இப்பிடிப் பல்லக் காட்டற?"

"பொம்பளையாளுங்கள அளக்க மாட்டாராமா."

கந்தம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். அடங்க நேரமாயிற்று.

"தோளு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், லாரி பம்பராட்டம் அகலம். இடுப்புத்தான் உனக்கு என்னுதுல பாதி. இரு, ஊட்டுக்குப் போயி என்ற ரவிக்கையக் கொண்டாரேன். ரெண்டு பக்கமும் புடிச்சு ஊக்குக் குத்திக் குடு, அந்தாளு புரிஞ்சுக்குவாரு."

5

இப்போது எனக்குச் சந்தேகம் மணியன்மேல்தான். அவருக்குத் தெரியுமா?

முடிவு அ: அடையாளம் கண்டுகொண்டார். தெரிந்தேதான் அம்மிணி என்றார்.

முடிவு ஆ: பார்வை மங்கியவர். சேலை கட்டி வருகிற எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னார்.

'அ' எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே அதை நம்பத் தயக்கமாக இருக்கிறது. 'ஆ'வில் மணியன் சிறுத்துப் போகிறார், சௌந்திரம் பெரிதாகிறாள். மணியனிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, கேட்டால் அவருக்குத் தெரியாதது தெரிந்துவிடலாம். இரண்டையும் சௌந்திரத்திடம் சொன்னேன்.

"ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சந்தோசந்தானுங்க. நீங்க ஏன் மண்டையப் போட்டு ஒடச்சுக்கறீங்க?"

நீங்கள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ரவிக்கை வியாழக்கிழமை தயாரானது. கழுத்து சற்று ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை மேஸ்திரி அவளைப் பழம் பறிக்கிறவர்கள் பக்கம் நிறுத்தினார்.