பஸ் படி உயரம்

"பஸ்ல தனியா ஏற முடியுமா?" என்று காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய நர்ஸ் கேட்டதும் ரைட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா கேள்வி இது? முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டர். ஓடுற பஸ்ல ஏறினவன் நான்."

சமையலறை வாசலில் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். வேலையை விட்டும் வாயிலிருந்து 'ரைட் ரைட்' போகாததால் தெருவே அவரை ரைட்டு என்றுதான் கூப்பிடும். காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காரில் கூட்டிப்போன பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறிவிட்டார். போன வாரம் ஒரு முறை தவறியதற்கே கால் இரண்டும் வீங்கி, படுக்க முடியாமல் விடிய விடிய உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். காப்பீட்டில் வேன் உண்டு. ஆனால் பஸ்ஸில் தனியாக ஏற முடியாதவர்களுக்கு மட்டும். 'முடியாது' என்று ஒரு வார்த்தை. அது மட்டும் இந்த மனுஷன் வாயில் வராது.

நர்ஸ் நல்ல பெண். எதையும் எழுதாமல் பேனாவை மூடினாள். "வாயால சொல்றது போதாது சார். ஏறிக் காட்டுங்க" என்று, கொண்டுவந்திருந்த மரப்பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்தாள். பஸ் படி உயரம் இருந்தது.

"இவ்வளவுதானா?" என்று ரைட்டு எழுந்தார். மனைவியின் கை வழக்கம்போல அவர் முழங்கைக்கு அடியில் போனது. இரண்டு வருஷமாக அவர் கேட்டதுமில்லை, அவள் சொல்லிக் காட்டியதுமில்லை. யார் துணையும் இல்லாமல்தான் நடமாடுகிறோம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நீங்க பிடிக்கக் கூடாது. விழாம நான் பாத்துக்கறேன்" என்று நர்ஸ் அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

மனைவி கையை எடுத்தாள். கட்டிய புருஷன் தடுமாற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பாவியாகிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டாள்.

வலது காலைத் தூக்கிப் பெட்டிமேல் வைத்தார். இடது கால் தரையை விட்டு வரவில்லை. மறுபடி எக்கினார். முழங்கால் வெடவெடத்தது.

"என்னங்க, முடியலன்னு சொல்லிடுங்களேன்."

திரும்பிப் பார்க்காமல், அவள் எப்போதும் நிற்கிற பக்கமாகக் கையை நீட்டினார். அவள் தன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்து இறுக்கிக்கொண்டாள். அவர் விரல்கள் வெறும் காற்றில் விரிந்து, மூடி, மறுபடி விரிந்தன.