ஏழாவது வரி

பாட்டிலின் முன்பக்கத்தைப் பார்த்து ஷாம்பு வாங்குகிறவர்களைக் கண்டால் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்பக்கம் முழுக்கக் கற்றாழைப் படம். பின்பக்கம் திருப்பிப் படித்தால் தண்ணீரில் தொடங்கிப் பதினேழாவது வரியில், வாசனைக்கும் கீழே, அந்தக் கற்றாழை ஒரு சொட்டாக ஒண்டிக்கொண்டிருக்கும். எது அதிகமோ அது மேலே, எது குறைவோ அது கீழே. இதுதான் பின்பக்கத்துச் சட்டம். கடைசியில் கிடக்கிற மூலிகை பாட்டிலுக்குள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பன்னிரண்டு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததே தவிர, சனங்கள் படம் பார்ப்பதை விட்டபாடில்லை.

இயற்கைப் பொருள் மட்டுமே விற்கிற அந்தக் கடையின் பின்னறையில், ஜன்னலை ஒட்டி அவள் மேஜை. மேஜைமேல் ஒரு பூதக்கண்ணாடி, ஒரு சிவப்புப் பேனா, ஒரு முத்திரை. புதிதாக எந்த ஷாம்பு வந்தாலும், எந்தக் கண்டிஷனர் வந்தாலும், உள்ளே என்னென்ன போட்டிருக்கிறது என்று அவள் வரிவரியாகப் படிப்பாள். ஆகாததைச் சிவப்பில் அடித்துத் திருப்பி அனுப்புவாள். சரியாக இருந்தால் பாட்டில் முதுகில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவாள். அதற்கப்புறம்தான் அலமாரி. கம்பெனி ஆட்கள் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்து எவ்வளவு பல்லைக் காட்டினாலும் அவளிடம் பருப்பு வேகாது. முதலாளியம்மாகூட அவள் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியதில்லை.

அப்பேர்ப்பட்டவளிடம்தான் சின்னவள் வந்து மாட்டினாள்.

சின்னவள் என்றால் கொழுந்தனின் மனைவி. வீட்டில் ஓர் அறையை ஒழித்து, தராசும் அடுப்பும் வெப்பமானியும் வாங்கிப்போட்டு, சொந்தமாகக் கண்டிஷனர் காய்ச்சத் தொடங்கியிருந்தாள். இந்த அலமாரியில் இடம் கிடைத்தால் மற்றக் கடைகளும் கதவைத் திறக்கும். கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் ஆகாது என்பது குடும்பத்துக்கே தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு பிறந்தநாள் விருந்தில், இருபது பேர் நடுவில், சின்னவள் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். "ஊர்ப் பாட்டிலை எல்லாம் படிக்கிறீங்க, உங்க முடி மட்டும் ஏன்க்கா தொடப்பம் மாதிரி நிக்குது?" எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளின் கணவனும் சிரித்தான். சின்னவள் அதை அன்றைக்கே மறந்துவிட்டாள். பெரியவள் மறப்பாளா? வீட்டில் துடைப்பத்தைத் தொடும்போதெல்லாம் ஞாபகம் வந்தது.

முதல் தடவை சின்னவள் கொண்டுவந்த பட்டியலில் "வாசனை" என்று ஒற்றைச் சொல் இருந்தது.

"வாசனைன்னா என்ன வாசனை? அந்த ஒரு வார்த்தைக்குள்ள நூறு மருந்தை ஒளிச்சு வெக்கலாம். பேர் பேரா எழுதிட்டு வா," என்றாள் பெரியவள், முகத்தைக்கூட நிமிர்த்தாமல்.

இரண்டாவது தடவை, சின்னவள் கடையில் வாங்கிச் சேர்த்த ஒரு கலவைக்குள் சிலிக்கோன் ஒளிந்திருந்தது. "இது முடிக்கு அடிக்கிற பெயின்ட். நீ சுவருக்கு அடிச்சுக்க," என்று காகிதத்தைத் தள்ளிவிட்டாள். சின்னவள் முகம் செத்துப்போய் வெளியே போனாள். இரண்டும் நியாயம்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். சொன்ன விதம்தான் விஷம்.

மூன்றாவது தடவை நியாயமும் இல்லை. சரக்கு அருமையாக இருந்தது. பெரியவள் இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். வழுக்கியது, பிசுக்கில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பட்டியலை மேலிருந்து கீழே மூன்று முறை மேய்ந்தாள். மொத்தமே ஏழு வரி. ஏழாவது வரியில் பொட்டாசியம் சார்பேட். தண்ணீரும் மூலிகைச் சாறும் கலந்த சரக்கில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சிட்டிகை அளவு போடுகிற உப்பு. அதே கடையில் ஒன்பது பாட்டிலில் அது இருக்கிறது. ஒன்பதுக்கும் முத்திரை குத்தியவள் அவளேதான். அது இல்லாவிட்டால் இந்தச் சரக்கு ஒரு மாதத்தில் நாறிப்போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஏழாவது வரியின் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில், "ரசாயனம். நீக்கவும்" என்று எழுதினாள்.

சின்னவள் காகிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "இதை எடுத்துட்டா சீக்கிரம் கெட்டுப்போகாதாக்கா?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா? உனக்கு அலமாரி வேணுமா, வேண்டாமா?"

"வேணும்," என்றாள் சின்னவள். காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். சண்டைக்கு வருவாள், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று காத்திருந்த பெரியவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பத்து நாள் கழித்து ஆறே வரியோடு பாட்டில் வந்தது. முதலாளியம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அடிப்பதற்கு எதுவுமில்லை. பெரியவள் முத்திரை குத்தினாள், கையெழுத்துப் போட்டாள். போடும்போதே கணக்குப் பண்ணிவிட்டாள். ஏறட்டும். அலமாரியில் ஏறி நாறட்டும். சரக்கோடு சேர்ந்து அவள் பேரும் நாறட்டும்.

"ரெண்டு டஜன் கொண்டுவாம்மா," என்றாள் முதலாளியம்மா.

"ஒரு மாசம் டைம் குடுங்கம்மா," என்றாள் சின்னவள்.

அந்த மாதத்தின் நடுவில் ஒருநாள் தையல்காரம்மா வந்தாள். அடுத்த தெருவில் தைக்கிறவள். பெரிய நோய் ஒன்று வந்து, மருந்து ஏற்றி ஏற்றி முடியெல்லாம் கொட்டி, இப்போதுதான் விரற்கடை அளவுக்கு முளைத்திருந்தது. தலையில் துணி கட்டிக்கொண்டுதான் வெளியே வருவாள். அவளுக்குப் பொடி எழுத்து தெரியாது. எந்தப் பாட்டிலானாலும் பெரியவளிடம் நீட்டி, "நீ படிச்சுச் சொன்னாப் போதும்மா, நான் கண்ணை மூடிட்டுப் போட்டுக்குவேன்," என்பாள். பெரியவளுக்கு அந்த ஒருத்திமேல் மட்டும் நிஜமாகவே பிரியம் உண்டு.

முதலாளியம்மாவுக்கு வாய் நிற்கவில்லை. "புதுசா ஒரு கண்டிஷனர் வருது. ஆறே பொருள்தான். நம்ம அக்காவே பாஸ் பண்ணினது. முதல் பாட்டில் உங்களுக்குத்தான், எடுத்து வெக்கிறேன்."

தையல்காரம்மா பெரியவள் பக்கம் திரும்பினாள். "மண்டையில ரெண்டு இடத்துல புண்ணு இன்னும் ஆறல. டாக்டர் பார்த்துப் போடச் சொன்னாரு. இதைப் போட்டுக்கலாமா?"

வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் சின்னவள் ஜெயித்துவிடுவாள். "வரட்டும், பார்க்கலாம்," என்றாள் பெரியவள். அன்றைக்கு மதியச் சாப்பாட்டை அவள் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். இருந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை.

சொன்ன தேதிக்குச் சின்னவள் வந்தாள். இரண்டு டஜன் வரவில்லை. ஒரு துணிப்பையில் இரண்டே பாட்டில். தையல்காரம்மா காலையிலிருந்தே அவளுக்காகக் காத்துக்கொண்டு பின்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இது நீங்க முத்திரை குத்தினீங்களே, அது," என்று சின்னவள் ஒன்றை மேஜைமேல் வைத்துத் திறந்தாள். நாலு நாள் நனைந்து கிடந்த சாக்கு நாற்றம் அறையை அடைத்தது. மூடிக்கடியில் கறுப்பும் பச்சையுமாக வட்டமிட்டிருந்தது. "இது அதே நாள், அதே அடுப்பு. நீங்க அடிச்ச வரியையும் சேர்த்துச் செஞ்சது. ரெண்டும் ஒரே ஜன்னல்லதான் இருந்துச்சு." இரண்டாவதைத் திறந்தாள். ஒரு கெட்ட வாடை இல்லை.

பிறகு கடைக்குள் போய், அலமாரியிலிருந்து ஒன்பது பாட்டிலைத் தூக்கி வந்து, முதுகைக் காட்டி வரிசையாக அடுக்கினாள். "படிங்கக்கா. ஒன்பதுலயும் அது இருக்கு. ஒன்பதுலயும் உங்க கையெழுத்து இருக்கு. எனக்கு மட்டும் ஏன்?"

"என்னை மாட்டிவிடத்தான் ஒரு மாசம் ஜன்னல்ல வெச்சு அழுக விட்டியா?"

"ஆமா. கெட்டுப்போகாதான்னு உங்களைத்தானே கேட்டேன். அன்னிக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் ஏன் இந்தப் பாடு படறேன்? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன், அதைச் சொல்லுங்க."

சின்னவளுக்கு அந்தத் துடைப்பப் பேச்சு ஞாபகமே இல்லை. பெரியவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

முதலாளியம்மா நடுவில் வந்தாள். பன்னிரண்டு வருடப் பழக்கம், விட்டுக்கொடுக்க மனமில்லை. "உங்களுக்கு இது தெரியாமப் போச்சு, அவ்வளவுதானே? ஏதோ அன்னிக்கு ஞாபகப் பிசகு. யாருக்கும் வர்றதுதான். அப்படின்னு சொல்லுங்க, விட்டுடலாம்."

கதவு திறந்துதான் இருந்தது. தெரியாது என்று ஒரு சொல். ஆனால் சின்னவள் முன்னால், அந்த ஒன்பது பாட்டில் முன்னால், எனக்குத் தெரியாது என்று சொல்ல அவள் நாக்கு புரளவில்லை. கெட்டவள் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளட்டும், ஒன்றும் தெரியாதவள் என்று ஒருத்தி சொல்லிவிடக் கூடாது.

"தெரியும்," என்றாள் பெரியவள். "அது இல்லாட்டி அழுகும்னு தெரியாமலா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்?"

முதலாளியம்மா மேஜையிலிருந்த முத்திரையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

தையல்காரம்மா எழுந்து வந்தாள். நாறுகிற பாட்டிலை ஒரு தரம் பார்த்தாள். தலைத்துணியின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எனக்குன்னு எடுத்து வெக்கிறேன்னது இதைத்தானா?" என்று கேட்டாள். குரலில் கோபமில்லை.

பெரியவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தாள்.

தையல்காரம்மா மேஜையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். நல்ல பாட்டிலையும் எடுத்து, இரண்டையும் சேர்த்துச் சின்னவளிடம் நீட்டினாள்.

"எழுத்து பொடிசா இருக்கு. நீ படிச்சுச் சொல்லும்மா."

சின்னவள் கண்ணாடியை வாங்கி, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.