பதினாறு ஜிபியும் அதற்கே

அக்கா புருஷன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, தலையைச் சர்வர் அலமாரியில் மோதினார். வாயில் ரத்தம் கரித்தது. தள்ளுபடி விற்பனை தொடங்கியதுமே எங்கள் கடையின் இணையதளம் செத்துப்போயிருந்தது.

“எவன்டா அதை நிறுத்துனது?”

“யாரும் நிறுத்தல மாமா. இருந்த பதினாறு ஜிபி மெமரியையும் சைட்டை ஓட்டற அந்த ஒரு புரோகிராமுக்கே குடுக்கச் சொன்னீங்க. மெஷினுக்கு மூச்சு விட இடம் வேணாமா? மூச்சு முட்டுனா, மெமரிய அதிகமா திங்கறவனத்தான் அது முதல்ல போட்டுத் தள்ளும்.”

“எனக்கே பாடமா?” கை என் கழுத்தை நெரித்தது. கண் இருட்டியது.

கல்யாணமான நாள் முதலாக அந்தக் கையால் அடி வாங்கிவந்த அக்கா, கணக்கு மேசையிலிருந்து எழுந்து வந்தாள். இரும்பு நாற்காலியைத் தூக்கி அவர் மண்டையில் இறக்கினாள்.

“மெஷினுக்கு இருக்கற ரோஷம் எனக்கில்லாமப் போகுமா?” என்றாள்.